புளி போட்டுத் தேய்த்த காசுகள்

பையைப் பார்த்துக்கொள்வதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் ஒருநாள் இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். மடியில் வர்ஷினியின் முதுகுப் பை, அதற்கு மேல் கணவர் தணிகைவேல் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன கண்ணாடியும் கைக்கடிகாரமும், காலடியில் ஈரத்துணி மூட்டை, மூட்டைக்குப் பக்கத்தில் அப்பாவும் மகளும் விட்டுப்போன செருப்புகள். இத்தனைக்கும் நடுவில் அம்சவேணி, கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிறவள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். எதிரே, சூறாவளி என்று பெயர் எழுதிய ராட்சத ரயில் வானத்தில் ஏறி, அங்கே ஒரு கணம் யோசித்து, பிறகு தலைகுப்புற விழுந்தது. விழும்போதெல்லாம் ஒரு கூட்டு அலறல். காசு கொடுத்து வரிசையில் நின்று அலறுகிற ஜனங்களை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அலறுவதற்கு வீட்டில் காரணமே கிடைக்காத பாக்கியசாலிகள் போலிருக்கிறது. அந்த அலறலில் வர்ஷினியின் குரல் எது என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். அவர்கள் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார்கள் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்தாள். இந்த வரிசைப் பெஞ்சுகளில் எல்லாருமே பெண்கள்தான், எல்லார் மடியிலும் பை. பக்கத்துப் பச்சைச் சேலைக்காரி கொஞ்ச நேரம் முன்னால், "நீங்க ஏறலையா?" என்று கேட்டாள். "நான் ஏறிட்டா பைய யாரு பாக்கறது?" என்றாள் அம்சவேணி. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் வாயோரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதில் ஒரு பெருமை இருந்தது என்பது அந்தப் பச்சைச் சேலைக்காரிக்குத் தெரிந்திருக்காது. கடலூரில் அண்ணன் வீட்டில் இருந்தவரைக்கும் எங்கே போனாலும் அம்சவேணிதான் பை பார்த்தாள். ஆனால் அதெல்லாம் அண்ணன் வீட்டுப் பை. அண்ணி வந்து ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்வாள். இது எங்கள் வீட்டுப் பை. நாற்பது வயதுக்கு மேல் ஒருத்திக்கு எங்கள் வீட்டுப் பை என்று ஒன்று கிடைப்பது என்ன லேசுப்பட்ட விஷயமா.

பைக்குள்ளிருந்த டப்பாவின் மூலை அடிவயிற்றில் குத்திக்கொண்டே இருந்தது. நகர்த்தி வைத்தாள். நகர்த்தி வைத்த இடத்தில் குத்தியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காம்பஸும் அளவுகோலும் வைத்துக்கொள்ளும் சாதாரண ஜாமெட்ரி பாக்ஸ்தான் அது. வர்ஷினி அதில் காசு வைத்திருந்தாள். கடையில் செல்லுபடியாகிற காசு இல்லை. பாதைக்கு எதிர்ப்புறம், கூரைக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் தெரியும்படி ஒரு மிஷின் நிற்கிறதே, அது நசுக்கித் தருகிற காசு. பக்கத்துக் கவுண்டரில் ஒன்றும் எழுதாத மொழுக்கட்டைச் செப்பு வில்லை ஒன்று தருவார்கள். அதை மிஷின் வாயில் போட்டுப் பிடியைப் பிடித்துச் சுற்றினால் சக்கரங்கள் கடகடவென்று மென்று, நீளவாட்டில் நசுக்கி, ஒரு பக்கம் பூங்காவின் ராட்டினமோ டால்பினோ பதித்து, சூடாகத் துப்பும். கையில் எதை எடுத்தாலும் யானை விலை சொல்கிற இந்தப் பூங்காவில், நடுத்தரக் குடும்பம் கூசாமல் வாங்குகிற ஒரே ஞாபகப் பொருள் இதுதான். மேகலாவுக்கு இதில் ஒரு பித்து. மேகலா என்றால் கணவருடைய முதல் மனைவி, வர்ஷினியைப் பெற்றவள். பெண்ணின் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒரு பூங்கா, பெங்களூர்ப் பக்கம், ஹைதராபாத் பக்கம், கொச்சிப் பக்கம் என்று இழுத்துக்கொண்டு போவாளாம். முதலில் இருப்பதிலேயே பயங்கரமான வண்டியில் அம்மாவும் பெண்ணும் ஏறி இறங்க வேண்டும், இறங்கின கையோடு மிஷினுக்குப் போக வேண்டும், அம்மாவுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று ஒரே படத்தில் இரண்டு காசு நசுக்க வேண்டும். இந்த முறையை மாற்றக் கூடாது. பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. அதற்கப்புறம் பூங்காவும் இல்லை, காசும் இல்லை. இன்றைக்குத்தான் முதல்முறையாக, அந்தப் பெண்ணே வாய்திறந்து, போகலாமாப்பா என்று கேட்டு வந்திருக்கிறார்கள். டப்பாவையும் அவளேதான் எடுத்து வைத்தாள். வண்டியிலிருந்து இறங்கியதும் திறப்பாள். திறந்தால் தெரிந்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் புளியை யார் ஊறவைக்கச் சொன்னார்கள். யாரும் சொல்லவில்லை. பூவாடைக்காரி படையலுக்கு வீட்டிலிருக்கிற விளக்கும் சொம்பும் பளபளவென்று இருக்க வேண்டாமா, அதற்காக ஊறவைத்தது. சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று சொல்லி, புதுச்சேலையும் பூவும் வளையலும் கலசத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். மூத்தாள் இருந்த வீட்டுக்கு வாழ வந்தவள் அதைக் குறைவைக்காமல் செய்ய வேண்டும். குறைவைக்கிற எண்ணமா அம்சவேணிக்கு? செத்தவளுக்குப் பிடித்த பொருளையும் படையலில் வைக்கலாம் என்று மாமியார் முறையில் ஒருத்தி போனில் சொன்னதும் அவளுக்கு இந்த டப்பா ஞாபகம் வந்தது. வர்ஷினி பள்ளிக்கூடம் போயிருந்தாள். திறந்து பார்த்தால் அத்தனை காசும் கறுத்து, விளிம்பில் பச்சை பிடித்து, பார்க்கவே பாவமாக இருந்தது. ஐயோ, அவளுடைய பொருளை இப்படியா வைத்திருப்பது என்று மனசு உருகிவிட்டது. உருகின மனசு எப்போதும் கையைச் சும்மா இருக்க விடாது. புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்தாள். சில காசுகளின் பின்பக்கம் சிவப்பாக ஏதோ ஒரு பொட்டு. எந்தக் காலத்திலோ குங்குமக் கையோடு தொட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அது புளிக்கு மசியவில்லை. பாத்திரப் பொடி போட்டாள், நகத்தால் சுரண்டினாள், வந்துவிட்டது. அம்சவேணி தேய்த்தால் தேய்த்ததுதான் என்று கடலூரில் தெருவுக்கே தெரியும். துடைத்து, தாம்பாளத்தில் அடுக்கி, சேலைக்குப் பக்கத்தில் வைத்தபோது காசெல்லாம் தங்கம் மாதிரி இருந்தது. மேகலா பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றியது, சத்தியமாக.

இன்றைக்குக் காலையில் மரக்காணம் தாண்டி வரும்போது வர்ஷினி பின்சீட்டில் தூங்கிவிட்டாள். அவர் வண்டி ஓட்டிக்கொண்டே, தனக்குத்தானே சொல்கிறவர் மாதிரி சொன்னார். "ரெண்டு காசும் ஒரே மாதிரி இருக்குமா, உன்னுது என்னுதுன்னு ரெண்டு பேருக்கும் சண்டை. கடைசில மேகலா அவளுதுல மட்டும் பின்னாடி நெயில் பாலிஷ் பொட்டு வெச்சிட்டா. அதோட சண்டை தீந்துச்சி." சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்சவேணியும் சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று இப்போது நினைத்தாலும் விளங்கவில்லை. உப்பளம் உப்பளமாக ஜன்னலில் ஓடியது, வெயில் வெள்ளையாக அடித்தது, அவளுக்குக் காதுக்குள் புளி நார் காசைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். வழியில் இட்லி சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம், வர்ஷினி இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டாள், சாம்பார்தான் ஊற்றினாள். பூங்கா வாசலில் கையில் அனுமதிக் காகிதப் பட்டை ஒட்டும்போது சொல்லியிருக்கலாம். அலைக்குளத்தில் அந்தப் பெண் தண்ணீரை வாரி அடித்துச் சிரித்தபோது சொல்லவே முடியாது, சிரிக்கிற பிள்ளையிடம் யார் சொல்வார்கள். இப்படியே ஒவ்வொரு நல்ல நேரமாகத் தள்ளித் தள்ளி, இப்போது நேரமே இல்லாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். ரயில் மறுபடி ஏறியது. விழுந்தது. அலறினார்கள்.

அவள் பயந்தது வர்ஷினியின் கோபத்துக்கு இல்லை. அந்தப் பெண் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்பதுதான் பயம். பரவால்ல சித்தி என்பாள். குழம்பில் உப்பு கூடிப்போனால் பரவால்ல சித்தி. சீருடையில் இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டால் பரவால்ல சித்தி. ஊர்க்காரர்கள் எல்லாம், பெண் தங்கமாக இருக்கிறாளே, சித்தி என்று முகம் சுளிக்காமல் இருக்கிறாளே, நீ கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். அம்சவேணிக்கு மட்டும் அந்த வார்த்தையின் வயது தெரியும். அண்ணன் வீட்டில் அவள் சொன்ன வார்த்தை அது. தோசை தீர்ந்துபோனால் பரவால்ல அண்ணி. விருந்தாளி வந்து கட்டில் போனால் பரவால்ல அண்ணி, நான் கீழ படுத்துக்கறன். அண்ணியும் ஒருநாள் கூட அவளைத் திட்டியதில்லை. திட்டாமலே அத்தனை வருஷமும் ஓட்டிவிட்டாள், புண்ணியவதி. சொந்தப் பிள்ளைகளை விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு துரத்துவாள், பிள்ளைகள் கதவை அறைந்து சாத்தும், பத்து நிமிஷத்தில் எல்லாம் ஒரே தட்டில் சாப்பிடும். அம்சவேணி தனித்தட்டில், மரியாதையாக. பரவாயில்லை என்கிறவர்கள் அந்த வீட்டில் விருந்தாளிகள். வர்ஷினி தன் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாகிப் போனாள், அதற்குக் காரணம் நான்தான் என்று நினைத்துக்கொண்டாள் அம்சவேணி. இன்றைக்கும் டப்பாவைத் திறந்து பார்ப்பாள், பரவால்ல சித்தி என்று மூடி வைப்பாள். மூடினால் மூடினதுதான்.

பையின் ஜிப்பை மெல்லத் திறந்தாள். டப்பாவை மடிக்குள்ளேயே வைத்துத் திறந்தாள், திருடி மாதிரி. யாராவது பார்க்கிறார்களா. பச்சைச் சேலைக்காரி சோளக்கொண்டை கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஜோடியை எடுத்துத் திருப்பினாள். இரண்டும் ஒன்று. வரிப்பள்ளத்தில் எங்கேயாவது கொஞ்சம் சிவப்பு தங்கியிருக்காதா என்று வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். இருந்தது. இதோ, இந்தக் காசில் இருக்கிறது, இளஞ்சிவப்பாக, ஓரத்தில். நெஞ்சு குதித்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தபோது சிவப்பு நகர்ந்து காசு முழுக்கப் பரவியது. அது அவள் கட்டியிருந்த சேலை. படையலில் வைத்து எடுத்த அரக்குச் சேலை, மேகலாவுக்கு வாங்கி மேகலாவின் பெயரால் அவள் கட்டிக்கொண்ட சேலை, பளபளக்கிற செம்பில் விழுந்து தெரிந்தது. எல்லாக் காசிலும் தெரிந்தது. அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது: பையின் சின்ன அறையில், தலைமுடி கிளிப்புகளுக்கு நடுவே, வர்ஷினியின் நெயில் பாலிஷ் சீசா. சிவப்பு. யாருக்குத் தெரியப்போகிறது. ஜோடிக்கு ஒன்றாக எடுத்து ஒவ்வொரு பொட்டு. ஊதினால் காய்ந்துவிடும். மூடியைத் திறந்தேவிட்டாள். காரமான வாசனை மூக்கில் ஏறியது. தூரிகை காசுக்கு மேல் நின்றது. எந்தக் காசு? இதுவா, இதுவா? பிசகினால் அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கத் தன் காசையே அம்மா காசு என்று நினைத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். அவள் அம்மாவின் காசு பொட்டில்லாமல் டப்பாவின் மூலையில் கிடக்கும். ஐயோ, முடியாது. ஒரு சொட்டு அவள் கட்டைவிரலில் விழுந்தது. மூடியைத் திருகினாள், டப்பாவை மூடினாள், கைக்குள் கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள்.

மேகலா, என்று மனதுக்குள் கூப்பிட்டாள். படையலன்றும் இப்படித்தான் கூப்பிட்டு, மேலே என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றாள். நன்றி சொல்லத்தான் வேண்டும். அலமாரிச் சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. அவர் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் அவளுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைக்கிறார். வர்ஷினியின் தலையில் எண்ணெய் வைக்கும்போது அந்தச் சின்ன மண்டை கையில் சூடாக இருக்கிறது. இதற்கெல்லாம் யாருக்கு நன்றி சொல்வது. கடவுளுக்கா? கடவுளே இதைக் கொடுத்தாயே என்று சொன்னால், இதைக் கொடுக்க நீ என்ன செய்தாய் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. நீ போனதால்தானே மேகலா என்று தொடங்கினால் நாக்கு அங்கேயே நின்றுவிடும். ஒருத்தி வீட்டில் விளக்கு அணைந்ததற்கா சந்தோஷப்படுவது. சந்தோஷப்படாமலும் இருக்க முடியவில்லையே, பொய் சொல்வானேன், காலையில் எழுந்ததும் ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்து, பிறகு தெரிந்து, மனசு நிறைகிறதே. அன்றைக்குக் கடைசியில், நான் நல்லா இருக்கன் என்று மட்டும் சொல்லிவிட்டு விழுந்து கும்பிட்டாள். உன் பெண்ணைப் பிரியத்தோடு வளர்த்து வைத்திருந்தாய், அவள் எனக்கும் கொஞ்சம் கிடைத்தாள், நான் உன் பொட்டைச் சுரண்டிவிட்டேன். இதுதான் கணக்கு. இனிமேல் நீயாவது அவளாவது என்னை நாலு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரயில் நின்றிருந்தது. கம்பிக் கதவு வழியாக ஜனங்கள் கால் பின்ன வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

வர்ஷினி ஓடிவந்தாள். தலைமுடி காட்டுக் கோரை மாதிரி நின்றது. முகமெல்லாம் சிரிப்பு. "சித்தி, நீங்க பாத்திருக்கணும். மேல போனதும் அப்பா கண்ண மூடிக்கினு முருகா முருகான்னு கத்தறாரு. பக்கத்துல இருந்த அண்ணன்லாம் சிரிக்கறாங்க. இறங்கினதும் வாந்தி வருதுன்னு பாத்ரூமுக்கு ஓடிட்டாரு." இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அம்சவேணியிடம் இவ்வளவு நீளமாக எதையும் சொன்னதில்லை. சொல்லாமலே விட்டுவிடலாம், இன்னும் ஒரு நிமிஷம், இந்தச் சிரிப்பு ஆறும் வரைக்காவது. வர்ஷினி கையை நீட்டினாள். "பைய குடுங்க சித்தி. மிஷினுக்குப் போயிட்டு வந்துடறன்."

"வர்ஷி, ஒக்காரு."

"பரவால்ல சித்தி, நிக்கறன்."

"அந்த டப்பாவ நான் தொறந்துட்டன்மா." குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "படையலுக்கு வெக்கலாம்னு எடுத்தன். கறுத்துப் போயிருந்துச்சி. புளி போட்டுத் தேச்சிட்டன். பின்னாடி செவப்பா இருந்தத குங்குமம்னு நெனச்சி சுரண்டிட்டன். எல்லாத்துலயும். அது உங்கம்மா வெச்ச அடையாளம்னு காலைலதான் அப்பா சொன்னாரு. அதுலேருந்து சொல்லணும் சொல்லணும்னு இருக்கன், வாய் வரல."

வர்ஷினி பையை வாங்கினாள். நின்றபடியே டப்பாவைத் திறந்தாள். வெயில் பட்டு உள்ளே இருந்ததெல்லாம் மின்னியது. ஒன்றை எடுத்தாள், திருப்பினாள். அதன் ஜோடியை எடுத்தாள், திருப்பினாள். அடுத்த ஜோடி. அதற்கடுத்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"எது அம்மாவுது?"

"தெரியல கண்ணு."

"பரவா..." என்று அந்தப் பெண்ணின் வாய் தொடங்கியது. உதடு அந்த வார்த்தையை முடிக்கப் பார்த்தது, முடியவில்லை, கோணிக்கொண்டது. அடுத்து வந்த குரலுக்குப் பச்சைச் சேலைக்காரி சோளத்தைக் கடித்தபடியே திரும்பினாள்.

"யாரு உன்ன தொடச் சொன்னது? ஒண்ணுமே தெரியாதா உனக்கு? நெயில் பாலிஷுக்கும் குங்குமத்துக்கும் வித்தியாசம் தெரியாது? எதப் பாத்தாலும் தேய்க்கணுமா? வந்ததுலேருந்து தேய் தேய்னு வீட்டையே தேய்ச்சிக்கினு... எங்கம்மா கை பட்டது எனக்கு இதுதான் இருந்துச்சி. இது ஒண்ணுதான். அதையும் நீ... என்ன கேக்கணும்னு கூடவா தோணல? வாய் இல்ல உனக்கு?"

"தோணல," என்றாள் அம்சவேணி. "தப்புதான். இன்னும் கேளு."

கேட்டாள். பெஞ்சு வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கேட்டாள். அடுக்களையில் சாமான்களை இடம் மாற்றி வைத்தது, அம்மாவின் பவுடர் டப்பாவை எடுத்து அலமாரி மேல்தட்டில் போட்டது, உப்புக் குழம்பு, சுட்ட சீருடை, இத்தனை நாள் பரவாயில்லை என்று போனதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அம்சவேணிக்கு அவமானமாக இருந்தது, காது சுட்டது, கண்ணில் நீர் முட்டியது. அத்தனைக்கும் அடியில், யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், உடம்பெல்லாம் லேசாகிக்கொண்டே வந்தது. யாரும் அவளை இப்படித் திட்டியதில்லை. திட்டுகிற அளவுக்கு யாருக்கும் அவள் எதுவாகவும் இருந்ததில்லை. அழுகை வந்தபோதுதான் வர்ஷினி நிறுத்தினாள். தொப்பென்று பெஞ்சில், அம்சவேணியின் தோள் இடிக்க உட்கார்ந்தாள். டப்பா அவள் மடியில் திறந்தே கிடந்தது. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். அம்சவேணி தொடவில்லை. சேலைத் தலைப்பை மட்டும் எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் அதைப் பிடுங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் கீழ பரப்பி ஒவ்வொண்ணா பாப்பன்," என்றாள், தலைப்புக்குள்ளிருந்து. "எது அம்மாவுதுன்னு நான் கண்டுபிடிப்பன்."

"சரிம்மா."

"கண்டுபிடிக்கற வரைக்கும் நீயும் பக்கத்துலயே ஒக்காந்திருக்கணும். அடுப்புல வேலை இருக்குன்னு எழுந்து போகக் கூடாது. இன்னிக்கு முடியலன்னா நாளைக்கு. நாளைக்கும் முடியலன்னா அதுக்கு மறுநாளு."

அம்சவேணி அவள் மடியிலிருந்த காசுகளைப் பார்த்தாள். ஜோடி ஜோடியாக, எந்தக் கண்ணாலும் எந்தக் காலத்திலும் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றுபோலவே கிடந்தன.

"ஒக்காந்திருக்கன்," என்றாள்.